சாரத்தின் கீழ் ஒரு வலை

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் அதிபராயிருந்த ஒரு பாடசாலையில் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் முற்பகல், மூன்றாம் பாடவேளையில், மேல்தளத்துக்குச் சீமெந்துக் கலவை ஏற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவன் சாரத்தினின்றும் தவறி விழுந்தான். மேசனுக்கு முட்டாளாக நின்றவன் அவன். முட்டாள் என்பது எங்கள் பகுதியில் மேசனின் கையாளுக்கு வழங்கும் தொழிற்பெயர். வசைச்சொல் என்று எண்ணவேண்டாம். சாரம் என்று நான் கூறியது கமுக மரங்களைக் கயிற்றாற் பிணைத்து, குறுக்கே இரண்டு பலகைகளை இட்ட ஓர் அமைப்பு. கைபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பையன் உயிர் தப்பினான். ஆயினும் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்காக ஆஸ்பத்திரியிற் கிடந்தான்.

அன்று பிற்பகல் கொந்தராத்துக்காரர் என் அறைக்கு வந்து கூறியது ஒரே வசனந்தான்: 'அவதானமில்லாத பையன், ஐயா.' பாடசாலையின் சம்பவப் புத்தகத்தில் நானும் அவ்வாறே எழுதினேன். 'கூலியாள் ஒருவர் அவதானக் குறைவினால் விழுந்து காயமுற்றார்' என்று எழுதி, ஒப்பமிட்டு, திகதியும் இட்டேன். வரலாற்றைப் பாடமாகக் கற்றவன், வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் எழுதிய வாக்கியம் அது. அவதானக் குறைவு என்னும் அந்தச் சொல் எவ்வளவு பழையது, அது யாருக்குப் பயன்பட்டு வந்தது என்பதை நான் பின்னர்தான் தேடிப் படித்தேன். அத்தேடலிற் கண்டவற்றுட் சிலவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியிலே மான்செஸ்ரர் நகரையும் ஷெவீல்ட் நகரையும் இணைக்கும் இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, நடுவே கிடந்த மலைமேட்டைக் குடைந்து வூட்ஹெட் சுரங்கப்பாதை வெட்டப்பட்டது. மூன்று மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளம். 1839ஆம் ஆண்டளவிலே தொடங்கிய வேலை 1845இல் முடிந்தது. வாடைக்காற்றும் மழையும் ஓயாத வெளியிலே, தாமே கல்லடுக்கிக் கட்டிய குடிசைகளில், நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஆறு ஆண்டுகளைக் கழித்தனர். அக்காலத்து இருப்புப்பாதைக் கூலிகளுக்கு நவ்வி என்று ஒரு பெயர் உண்டு. குடியர், முரடர் என்றே பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதின.

பாறையைத் துளைத்து, துளையில் வெடிமருந்தை இட்டு, இரும்புக் கோலால் இடித்து இறுக்குவார்கள். இரும்பு பாறையில் உரசினால் தீப்பொறி பறக்கும். பொறி பறந்தால், இடிப்பவனின் முகத்திலேயே மருந்து வெடிக்கும். செம்பாலான கோலைக் கொண்டால் இவ்வபாயம் பெரிதுங் குறையும் என்பது அன்றே அனைவருக்கும் தெரிந்த விடயம். ஆனால் செம்பு விலை கூடியது, மெதுவானது, விரைவிலே வளைந்துவிடும். ஆகவே இரும்பே வழங்கியது. இதுபோலவே, மருந்துக்குத் தீ மூட்டுதற்குப் பாதுகாப்பான திரி ஒன்றும் அப்போது கடைகளில் இருந்தது. அதுவும் வாங்கப்படவில்லை.

வேலை முடிந்தபோது 32 பேர் இறந்திருந்தனர். எலும்பு முறிந்தோரும், தீயில் வெந்தோரும், பார்வை இழந்தோருமாகப் பெருங் காயமுற்றோர் வேறு. அவர்களுடைய தொகை 140 எனக் கணக்கிடப்பட்டது. இக்கணக்கைக் கொடுத்தவர் அவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திர வைத்தியர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது புகையிரதக் கம்பனி அன்று. தொழிலாளர் தமது கூலியினின்றும் சேர்த்த பணம் அது.

இந்த எண்களை எடுத்துக்கொண்டு 1846ஆம் ஆண்டிலே ஒருவர் மேடையேறினார். அவர் பெயர் எட்வின் சட்விக். நகரச் சுகாதாரச் சீர்திருத்தத்தாற் புகழ்பெற்ற அவர், எண்களை ஆயுதமாக்கத் தெரிந்தவர். வூட்ஹெட்டில் இறந்தோரையும் காயமுற்றோரையும் வேலைக்கு நின்றோரின் தொகையோடு வகுத்துப் பார்த்தார். பின்னர் வோட்டர்லூப் போரில் இறந்த படைவீரரின் விகிதத்தையும் எடுத்து அருகில் வைத்தார். நெப்போலியனின் பீரங்கிகளுக்கு முன்னே நின்றவர்களுள் நூற்றுக்கு இரண்டுபேரளவிலே மாண்டனர். மலைக்குள்ளே புகையிரதத்துக்கு வழிவெட்டியவர்களுள் நூற்றுக்கு மூன்றுபேர் மாண்டனர். வோட்டர்லூ வீரனுக்குப் பதக்கமாவது கிடைத்தது.

அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை நியமித்து விசாரித்தது. வூட்ஹெட்டில் வேலைபார்த்த பொறியியலாளர் ஒருவரிடம், அந்தப் பாதுகாப்பான திரியைப் பயன்படுத்தியிருந்தால் நல்லதல்லவா என்று கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. திரி பாதுகாப்பானதாக இருக்கலாம். ஆனால் அதனால் நேரம் வீணாகும். அது காப்பாற்றக்கூடிய சில உயிர்களுக்காக அவ்வளவு நேரத்தை இழக்கத் தாம் சிபார்சு செய்யமாட்டார் என்ற கருத்தில் விடையளித்தார். அதே குழுவின் முன் புகழ்பெற்ற பொறியியலாளர் இசம்பார்ட் புரூனெலும் தோன்றினார். அவருடைய இருப்புப்பாதை வேலையிற் காயமுற்று, பாத் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் பட்டியலைக் காட்டினார்கள். இத்துணைப் பெரிய வேலைக்கு, இத்துணை வெடிமருந்துக்கு, இது சிறு தொகையே என்பது அவருடைய அபிப்பிராயம்.

இவர்களைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவ்வாறு நினைக்கவில்லை. அந்தப் பொறியியலாளர் தம் முன்னிருந்த கணக்கைச் சரியாகவே வாசித்தார். நேரம் கம்பனியின் கணக்கில் இருந்தது. செம்பின் விலையும் அக்கணக்கில் இருந்தது. இறந்தவன் அதில் இல்லை. அவனுடைய செலவு அவன் மனைவியின் கணக்கிலும், ஊர்த் தருமத்தின் கணக்கிலும் எழுதப்பட்டது. சட்விக் கேட்டதும் இதுதான்: அந்தச் செலவை வேலை செய்விப்பவனின் கணக்குக்கு மாற்றுங்கள், விபத்துகள் தாமே குறையும். தெரிவுக்குழு அவருடைய வாதத்தை ஏற்று அறிக்கை எழுதியது. அறிக்கை சட்டமாகவில்லை.

சட்டம் அப்பொழுது வேறு திசையிலே நின்றது. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றம் ஒன்றிலே இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் வேலையாள் வழக்குத் தொடுத்தான். அளவுக்கு மீறிப் பாரமேற்றிய வண்டி உடைந்து அவன் தொடை முறிந்தது. பிறீஸ்ட்லி எதிர் பௌலர் என்று சட்டப் புத்தகங்கள் குறிப்பிடும் வழக்கு இது. ஆபத்தான வேலையை மறுக்க வேலையாளுக்கு உரிமை உண்டு. மறுக்காமல் ஏறினான் எனின் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டான் என்பதே அத்தீர்ப்பின் சாரம். உடன் வேலைசெய்யும் மற்றொருவனின் தவறால் வரும் காயத்துக்கும் எசமான் பொறுப்பாளியல்லன் என்ற கோட்பாடு இதிலிருந்தே வளர்ந்து, நெடுங்காலம் ஆட்சிசெய்தது. மறுக்க உரிமை உண்டாம். அன்று கூலி வாங்காவிட்டால் அன்று அடுப்பெரியாத ஒருவனுக்கு அந்த உரிமை எத்தகையது என்பதை நீதிபதிகள் ஆராயவில்லை.

கணக்கு மாறத் தொடங்கியது 1880க்குப் பின்னர். அவ்வாண்டில் நிறைவேறிய சட்டம், மேற்பார்வையாளரின் தவறுக்காக எசமானிடம் நட்டஈடு கேட்க வழிவிட்டது. 1884இல் ஜேர்மனி விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கியது. 1897இல் பிரித்தானியா வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. யார் தவறு என்ற கேள்வியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்து, வேலையில் நேர்ந்த காயமாயின் வேலை கொடுத்தவர் ஈடுசெய்க என்றது அச்சட்டம். ஆனாலும் கட்டடத் தொழிலாளர் விடயத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. 30 அடிக்கு மேல் உயர்ந்த கட்டடமாயின் சாரத்தில் நிற்பவன் சட்டத்துக்குள் அடங்குவான். 30 அடிக்குக் குறைந்ததாயின், வேறு வேலைத்தலங்களோடு சேராதவிடத்து, அடங்கமாட்டான். இருபத்தைந்து அடியிலிருந்து விழுந்தவனின் எலும்பு, நேயர்களே, சட்டத்துக்குப் புறம்பாக முறிந்தது. 1906இல் வந்த சட்டம் இக்கோணலை நிமிர்த்தியது.

சட்டம் இவ்வாறு தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் உலகின் மாபெரும் பாலங்கள் எழுந்தன. நியூயோர்க்கின் புறூக்ளின் பாலத்தை ஒரு வார்த்தையிற் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஆற்றின் அடியிலே, கவிழ்த்த பெட்டி போன்ற பெரிய மர அறைகளை இறக்கி, உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி, தண்ணீரை வெளியேற்றி, அதற்குள் மனிதரை விட்டு மண்ணை அகழ்ந்தார்கள். மேலே வந்தவர்கள் கை கால் முடங்கி வீழ்ந்தார்கள். அழுத்தத்தினின்றும் விரைவாக வெளிவருவதால் இரத்தத்திலே வாயுக் குமிழிகள் உண்டாகின்றன என்பது அங்குள்ளோருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பாலத்தை நடத்திய பிரதம பொறியியலாளர் வோஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் அந்நோய்க்கு ஆளாகி, பின்னர் தம் வீட்டு யன்னலிலிருந்தே பாலத்தைப் பார்த்தார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது. காரணம் தெரியாத மரணம் வேறு. காரணம் தெரிந்த மரணம் வேறு. நான் சொல்லவந்தது இரண்டாவதைப் பற்றி.

ஸ்கொத்லாந்திலே எடின்பரோ நகருக்கு அருகில் போர்த் என்னும் கடற்கழியைக் கடக்கும் புகையிரதப் பாலம் 1890ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் பிறப்புக்கு முன்னே ஒரு பெருந்துயர் உண்டு. 1879இன் கடைசி வாரத்தில், வடக்கே தே ஆற்றுப் பாலம் புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த புகையிரதத்தோடு ஆற்றில் வீழ்ந்தது. ஏறியிருந்த எவரும் பிழைக்கவில்லை. அதன்பின் போர்த்துப் பாலத்தை வடிவமைத்த ஜோன் பௌலரும் பெஞ்சமின் பேக்கரும், எந்தக் காற்றுக்கும் அசையாதபடி, ஐம்பதினாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட உருக்கைக் கொண்டு அதனைத் திட்டமிட்டனர். பயணி ஒருவர்கூட விழக்கூடாது என்பதற்காகப் பணம் தண்ணீராய்ச் செலவழிந்தது.

அந்த உருக்கை உயரத்திலே நின்று பூட்டியவர்கள் உச்சக் காலத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர். முந்நூறு அடிக்கு மேலே நிற்பவனின் கையிலிருந்து ஓர் ஆணி நழுவினால் கீழே நிற்பவனுக்கு அது துப்பாக்கிக் குண்டு. ஒருமுறை மேலிருந்து விழுந்த திருகுசாவி ஒன்று கீழே நின்றவனின் மேற்சட்டைக்குள் நுழைந்து, உடையைக் கிழித்துக்கொண்டு கணுக்காலருகே வெளியேறியது. ஆளுக்குக் கீறல்கூட இல்லையென்று அப்பாலத்தின் பொறியியலாளர் ஒருவர் வியந்து குறித்துள்ளார். எல்லோருக்கும் அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

ஆயினும் போர்த்திலே புதிதாக ஒன்று நிகழ்ந்தது. ஒவ்வொரு பெருங் கோபுரத்தின் கீழும், நீரிலே, படகுகளை நிறுத்திவைத்தார்கள். விழுபவரை எடுப்பதே படகுக்காரரின் வேலை. வேறு வேலை இல்லை. அந்தப் படகுகள் எட்டு உயிர்களைக் காத்தன. என் மனத்தில் இது பெரிய செய்தி. மனிதன் எவ்வளவு கவனமாயிருந்தாலும் சில வேளை விழுவான் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதற்கெனச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை நிறுத்திய கணக்கு அது. வேலையின்போது இறந்தவர் தொகை 57 என்று அக்காலத்தில் எழுதிவைத்தார்கள். நேயர்கள் இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னர் இதனிடம் திரும்பி வருவேன்.

இனி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் வாயிலிலே, கோல்டன் கேட் என்னும் நீரிணைக்கு மேல் தொங்குபாலம் கட்டும் வேலை 1933ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் தொடங்கியது. பிரதம பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ். அந்நாளில் அமெரிக்கப் பாலம் கட்டுவோரிடையே ஒரு வாய்பாடு வழங்கியது: பத்து இலட்சம் டொலர் செலவுக்கு ஓர் உயிர். பாலத்தின் மதிப்பீடு மூன்றரைக் கோடி டொலர். வாய்பாட்டின்படி 35 பேர் சாகவேண்டும். இதை யாரும் விருப்பத்தோடு சொல்லவில்லை. மழை பெய்யும் என்பதுபோல் சொன்னார்கள். அதே வளைகுடாவில் அதே வேளையிற் கட்டப்பட்ட ஓக்லண்ட் பாலத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததை எவரும் பெரிதாகப் பேசவில்லை.

ஸ்ட்ராஸ் அந்த வாய்பாட்டை ஏற்க மறுத்தார். வேலைத்தலத்தில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. இத்தலைக்கவசத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய எட்வர்ட் புல்லார்ட் என்பவர், படைவீரரின் இரும்புத் தொப்பியை நினைவிற்கொண்டு, கித்தான் துணியை நீராவியில் வேகவைத்து, பசையிட்டு, கறுப்புச் சாயம் பூசிச் சுரங்கத் தொழிலாளருக்காகத் தொப்பி செய்தார். 1919இல் அது விற்பனைக்கு வந்தது. நெவாடா எல்லையில் ஹூவர் அணை கட்டப்பட்டபோதோ, பள்ளத்தாக்குச் சுவரில் கயிற்றில் தொங்கிப் பாறை உதிர்த்த தொழிலாளர் தம் துணித் தொப்பிகளைத் தாரில் தோய்த்துக் காயவைத்துத் தாமே கவசம் செய்துகொண்டனர். அதன் பயனைக் கண்ட பின்னரே வேலை கொடுத்தோர் கவசங்களை வரவழைத்தனர். அவதானமில்லாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் செய்த கண்டுபிடிப்பு அது.

கோல்டன் கேட்டில் பனிமூட்டத்தின் கூசலுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள்; காற்றெரிவுக்குக் களிம்பு கொடுத்தார்கள்; தலைச்சுற்றலைத் தடுக்க உணவையும் திட்டமிட்டார்கள்; வேலைத்தலத்திலேயே வைத்தியசாலை ஒன்றும் இருந்தது. உயரத்தில் வேடிக்கை காட்டியவனை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். இத்தனைக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எதிரி இருந்தது. கோபுரத்தின் ஒடுங்கிய அறைகளுள், பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அறைந்தபோது, உருக்கின்மேற் பூசியிருந்த ஈயச் சாயம் எரிந்து புகையாகியது. தொழிலாளர் வயிற்றுவலி என்று படுத்தனர். சிலர் அதைக் குடல்வால் நோயென்றே மயங்கினர். ஈய நஞ்சு என்பது வெளிப்பட்டதும் சாயத்தையும் வேலைமுறையையும் மாற்றி, மூச்சுக்கவசம் அணிவித்தார்கள்.

பாலத்தின் தளவேலை தொடங்கும்போது, 1936இல், வலை வந்தது. மணிலாக் கயிற்றாற் பின்னிய பெருவலை. பாலத்தின் அடியிலே, இரு பக்கத்திலும் பாலத்துக்கு வெளியே பத்தடி நீண்டு, வேலை நகர நகரத் தானும் நகர்ந்தது. அதன் செலவு ஒரு இலட்சத்து முப்பதினாயிரம் டொலர். அக்காலத்துக்கு அது பெருந்தொகை. பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் வாயிலில் வரிசையாக நின்ற காலம் வேறு. ஒருவன் விழுந்தால் அவன் இடத்துக்கு ஒரு மணி நேரத்தில் வேறொருவன் கிடைப்பான். அப்படியிருந்தும் வாங்கினார்கள். முழுப் பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது நூற்றில் அரைப்பங்குகூட ஆகாது. கலிபோர்னியா மாநிலத்தில் 1913 முதல் வேலையாளருக்கு நட்டஈடு கொடுப்பது கட்டாயமாயிருந்தது என்பதையும் இங்கே மறவாமற் சொல்லவேண்டும். ஸ்ட்ராஸின் நல்லுள்ளம் உண்மையே. அந்நல்லுள்ளத்துக்குக் கணக்குப் புத்தகமும் இசைவாயிருந்தது. 1846இல் சட்விக் கேட்டது கடலுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தது.

வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். தம்மை 'நரகத்துக்குப் பாதிவழிச் சங்கம்' என்று அழைத்துக்கொண்டு அவர்கள் சிரித்தார்கள். வலை இருக்கிறதென்ற நினைவு காலின் நடுக்கத்தைப் போக்கியது. தளவேலையும் விரைந்தது என்பார்கள். நேரம் வீணாகும் என்று வூட்ஹெட்டிற் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கி மூன்றே முக்கால் ஆண்டுவரை ஓர் உயிர்கூடப் போகவில்லை. 1936 அக்டோபர் 21ஆம் நாள் பாரந்தூக்கி சரிந்து ஒருவர் இறந்தார். அதன்பின் வந்தது 1937 பெப்ரவரி 17.

அன்று காலை, பாலத்தளத்தின் அடியிலே, கொன்கிறீற்று வார்த்த பலகைகளைக் கழற்றுவதற்காக நகரும் மேடை ஒன்றில் தொழிலாளர் நின்றனர். ஐந்து தொன் எடையுள்ள மேடை. அதனைத் தாங்கிய பிடிகள் விட்டன. மேடை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கி, பின்னர் முழுவதுமாக வலைமேல் வீழ்ந்தது. வலை மனிதனைத் தாங்கப் பின்னியது, மேடையைத் தாங்கவன்று. சில கணங்கள் தாங்கியதாம். பின்னர் முடிச்சு முடிச்சாக அறுந்து, பன்னிரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு இருநூறு அடிக்குக் கீழேயிருந்த குளிர்ந்த நீரோட்டத்துக்குள் இறங்கியது. இருவர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டனர். பத்துப் பேர் மாண்டனர். பாலம் திறப்பதற்கு மூன்றரை மாதங்கூட இல்லை.

இந்த நிகழ்ச்சியைக் காட்டி, பார்த்தீர்களா, வலையாலும் பயனில்லை என்று வாதிப்போரை நான் கண்டிருக்கிறேன். பாடங் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அவ்வாதம் பிடிப்பதில்லை. வலை கடைசிக் காவல். அதற்கு முன்னே நிற்கவேண்டிய காவல், மேடையின் பிடியைப் பரிசோதிப்பவர். ஒரு பொருளை வாங்கிக் கட்டிவிடுவது ஒருநாட் செலவு. அதனோடு இணைந்த ஒவ்வொன்றையும் நாடோறும் சோதிப்பதற்கு ஆளும் அதிகாரமும் வேண்டும். பிடி சரியில்லை என்று கண்டவர் வேலையை நிறுத்தச் சொன்னால் வேலை நிற்கவேண்டும். முகாமை என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். ஆயினும் இறுதிக் கணக்கைப் பாருங்கள்: வாய்பாடு கேட்டது 35; இறந்தவர் 11.

அதே 1937ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெனீவாவிலே சர்வதேசத் தொழில் தாபனம் கட்டடத் தொழிற் பாதுகாப்புக்கான சமவாயத்தை நிறைவேற்றியது. சாரம் எவ்வாறு அமையவேண்டும், பாரந்தூக்கியை யார் பரிசோதிக்கவேண்டும் என்பவை அதிலே எழுதப்பட்டன. 1988இல் அதனைத் திருத்திப் புதிய சமவாயம் ஒன்று வந்தது. பிரித்தானியாவில் 1994இல் இயற்றிய விதிகள், கட்டடம் வேண்டுமென்று பணம் கொடுப்பவரையும், படம் வரைபவரையும்கூடப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளியாக்கின. அவ்வழியிலே நடத்திய இலண்டன் ஒலிம்பிக் பூங்காவின் கட்டட வேலை, 2012இல் விளையாட்டு தொடங்குமுன், ஓர் உயிரும் இழக்காமல் முடிந்தது. பத்து இலட்சத்துக்கு ஓர் உயிர் என்ற வாய்பாடு இயற்கை விதியன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் புதிதன்று. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத்தது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத்தது. என் பாடசாலையின் பையன் விழுந்தபோது இவ்விரண்டும் ஏட்டில் இருந்தன. எனக்குத்தான் அவை தெரியாமலிருந்தன. பணம் கொடுப்பவரின் பக்கத்திலே, கட்டடம் வேண்டுமென்று நின்றவன் நான். அந்தச் சாரத்தைக் கடந்து நாள்தோறும் நடந்தவனும் நான்.

சில ஆண்டுகளின் பின் வேறொரு பாடசாலையிலே, அபிவிருத்திச் சங்கத்தின் பணத்தில் ஒரு கட்டடம் தொடங்கியபோது, மதிப்பீட்டிலே சாரத்துக்கென ஒரு வரியைத் தனியாக எழுதும்படி கேட்டேன்: இரும்புக் குழாய், அகன்ற பலகை, இடுப்பளவில் கைமரம், வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்த வரியை வெட்டினால் இரண்டு யன்னல்களுக்குக் காசு மிஞ்சும் என்றார். அவர் சொன்னது உண்மை. நீண்ட நேரம் பேசினோம். வரி நின்றது, யன்னல்கள் அடுத்த ஆண்டு வந்தன. அந்தக் கட்டடத்தில் எவரும் விழவில்லை. விழாததனால், அந்த வரி வீண் என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள்.

போர்த்துப் பாலத்தின் அந்த 57க்குத் திரும்புவதாகச் சொன்னேன். நூறாண்டுக்கு மேலாக அந்த எண்ணே புத்தகங்களில் நின்றது. பின்னர் அவ்வூரைச் சேர்ந்த வரலாற்று ஆர்வலர் சிலர் பழைய பத்திரிகைகளையும் மரணப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தனர். தொகை 73 ஆயிற்று. 2012இல் பாலத்தின் இரு கரைகளிலும் நினைவுச் சின்னங்கள் எழுப்பி அத்தனை பெயர்களையும் பொறித்தார்கள். அவர்களுள் மிக இளையவனுக்கு வயது 13. நம் பாடசாலையில் எட்டாம் வகுப்பில் இருக்கவேண்டியவன்.

அதைப் படித்த அன்று என் பழைய பாடசாலைக்குச் சென்று சம்பவப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து அப்படியே இருந்தது. 'கூலியாள் ஒருவர்' என்றுதான் எழுதியிருந்தேன். பெயர் இல்லை. இப்போதைய அதிபரின் அனுமதியோடு, பக்கத்தின் ஓரத்தில், அப்பையனின் பெயரையும், அன்று சாரத்தில் கைமரம் இருக்கவில்லை என்பதையும் எழுதி, திகதியிட்டு ஒப்பமிட்டேன்.